பழைய கார்: பார்த்து வாங்குவோம், படித்து வாங்குவோம்

பெங்களூரில் ஓசூர் சாலையில் இருக்கிறது பொம்மனஹள்ளி. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டினால் வந்துவிடும். இங்கே கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகள் நிறைய. காலையில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். கட்டட வேலை செய்பவர்கள், டிரைவர்கள், பூ விற்பவர்கள், டீக்கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இங்கே வாழ்கிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் காதில் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் கார் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். 1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின. அந்தக் கார்கள் கை மாறின. உழைக்கும் மக்களுக்கும் பழைய கார் கிடைத்தது. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் பழைய கார் வாங்கும் வழக்கம் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

பழைய கார் வாங்குவது தவறல்ல. நல்ல கார் கிடைத்தால் பல ஆண்டு உழைக்கும். ஏமாந்தால் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

ஏமாறாமல் இருக்க என்ன வழி? காரைப் பார்க்கத் தெரிய வேண்டும். காரின் தாள்களைப் படிக்கத் தெரிய வேண்டும். பலர் காரை மட்டும் பார்க்கிறார்கள். தாளைப் புரோக்கர் கையில் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் மோசம் நடக்கிறது.

முதலில் கணக்கு

பொம்மனஹள்ளியில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மனைவி கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறார். கணவர் கல்யாண வீடுகளுக்குச் சமையல் செய்பவர். எட்டு ஆண்டு சீட்டுக் கட்டி இருவரும் 2,50,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பழைய கார் வாங்க ஆசைப்படுகிறார்கள்.

அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: கார் எதற்கு?

தினமும் வேலைக்குப் போகவா? அப்படியானால் கார் தேவைப்படாது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் தொடங்கியது. பொம்மனஹள்ளியிலேயே நிலையம் இருக்கிறது. பஸ்ஸும் இருக்கிறது. ஓசூர் சாலை நெரிசலில் காரை ஓட்டினால் பெட்ரோல்தான் வீணாகும்.

சமையல் சாமான்களை மண்டபத்துக்கு ஏற்றிப் போகவா? ஊரில் இருக்கும் வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவா? அப்படியானால் கார் உதவும்.

இரண்டாவது கேள்வி: கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுக்கலாமா?

கூடாது. 2,50,000 ரூபாய் இருந்தால் 2,00,000 ரூபாய்க்குள் கார் பார்க்க வேண்டும். மீதி 50,000 ரூபாயைத் தனியே வைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம், டயர், பேட்டரி, சர்வீஸ் என்று வாங்கிய முதல் மாதமே செலவு வரும்.

மூன்றாவது கேள்வி: மாதா மாதம் ஓட்ட முடியுமா?

பொம்மனஹள்ளியிலிருந்து தருமபுரி போய்வர ஏறக்குறைய 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 17 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 1,700 ரூபாய். சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. காரை நிறுத்த இடம் வேண்டும். சந்துக்குள் வீடு இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும்.

புதுக் காரின் விலையையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை குறைந்தால் பழைய காருக்கும் விலை குறைய வேண்டும். இதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

எந்தக் கார் நல்லது?

பார்க்கப் பெரிதாக இருக்கும் கார் வேண்டாம். அந்தப் பகுதியில் நிறைய ஓடும் சிறிய காராக இருக்கட்டும். அதற்குத்தான் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். தெருமுனை மெக்கானிக்குக்கும் அதன் வேலை தெரிந்திருக்கும். தயாரிப்பு நின்றுபோன அபூர்வமான கார் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒரு கதவுக் கண்ணாடிக்காக ஊரெல்லாம் அலைய வேண்டிவரும்.

யாரிடம் வாங்கலாம்?

தெரிந்தவரிடம் நேரே வாங்கலாம். காரின் கதை அவருக்குத் தெரியும்.

பழைய கார் விற்கும் கடையில் வாங்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் இத்தகைய வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிச் சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை.

புரோக்கர் மூலமும் வாங்கலாம். ஆனால் உரிமையாளரை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது.

நம் தம்பதி ஒரு புரோக்கரிடம் போகிறார்கள். அவர் ஒரு வெள்ளைக் காரைக் காட்டுகிறார். கார் பளபளவென்று இருக்கிறது.

"ஒரே ஓனர் வண்டிங்க. டாக்டர் ஓட்டினது. சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க. இப்பவே அட்வான்ஸ் கொடுத்தா வண்டி உங்களுக்குத்தான்."

கணவர் பையில் கை விடுகிறார். மனைவி தடுக்கிறார்.

"இருங்க. அண்ணா, ஆர்.சி.யைக் காட்டுங்க."

"ஆர்.சி.யெல்லாம் பக்காவா இருக்குக்கா. அதுல என்ன பார்க்கப் போறீங்க?"

"படிச்சுப் பார்க்கிறேன் அண்ணா."

புரோக்கர் அட்டையை எடுத்துத் தருகிறார். உரிமையாளர் வரிசை எண் என்ற இடத்தில் 3 என்று இருக்கிறது. அதாவது, கார் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. ஒரே ஓனர் என்று சொன்னது பொய்.

ஆர்.சி.யைப் படிப்பது எப்படி?

ஆர்.சி. என்பது காரின் பதிவுச் சான்று. பழைய கார்களுக்குப் புத்தகமாக இருந்தது. இப்போது அட்டையாக இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. பதிவு எண். கே.ஏ. என்றால் கர்நாடகம். டி.என். என்றால் தமிழ்நாடு. கே.ஏ. 51 என்றால் எலக்ட்ரானிக் சிட்டி ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி. டி.என். 70 என்றால் ஓசூர் வண்டி.

2. உரிமையாளர் பெயர். விற்பவரின் ஆதார் அட்டையில் இதே பெயர் இருக்கிறதா? வேறு பெயர் என்றால் உண்மையான உரிமையாளர் எங்கே என்று கேட்க வேண்டும்.

3. தயாரித்த மாதமும் ஆண்டும். புரோக்கர் சொன்ன ஆண்டும் இதுவும் ஒன்றா?

4. பதிவு செல்லும் கடைசி நாள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கார் தகுதியாக இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று உயர்ந்தது. 14 வயதுக் கார் மலிவாகக் கிடைத்தால் இந்தச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

5. என்ஜின் எண். இது என்ஜின் மீது பொறித்திருக்கும்.

6. சேசிஸ் எண். இது காரின் உடம்பில் பொறித்திருக்கும். சில கார்களில் பானெட்டைத் திறந்தால் தெரியும். சில கார்களில் முன் சீட்டுக்குக் கீழே இருக்கும். இப்போதைய கார்களில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் இருக்கும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வராது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

7. எரிபொருள். பெட்ரோலா, டீசலா என்று எழுதியிருக்கும். காரில் கேஸ் பொருத்தியிருந்தால் அதுவும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத கேஸ் கிட் ஆபத்து. இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

8. கடன் குறிப்பு. கார் மீது பேங்க் கடன் இருந்தால் அந்தப் பேங்கின் பெயர் ஆர்.சி.யில் இருக்கும். இதை ஹைப்பாதிகேஷன் என்பார்கள். கடன் தீர்ந்ததாகப் பேங்க் கடிதம் தர வேண்டும். படிவம் 35-இல் பேங்கும் உரிமையாளரும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ.வில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கடன் குறிப்பு நீங்கும். "கடன் முடிஞ்சு போச்சுங்க" என்ற வாய் வார்த்தை போதாது.

என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிடுவதுதான் முக்கியமான வேலை. ஒருவர் காரில் இருக்கும் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். மற்றவர் அட்டையில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கார் வேண்டாம். எண்ணை அரம் போட்டு அழித்திருந்தாலும், மேலே புதிதாக வெல்டிங் தெரிந்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

செல்போனில் எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலி இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எந்த நாள் வரை செல்லும் என்று காட்டும். அட்டையில் உள்ளதும் செயலியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தக் கார் மீது போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெங்களூரில் சந்திப்புகளில் கேமரா இருக்கிறது. சிக்னல் தாண்டிய அபராதங்கள் வண்டி எண் மீது சேர்ந்துகொண்டே போகும். பெங்களூர் ஒன் மையத்தில் எண்ணைச் சொன்னால் பாக்கி தெரியும். பாக்கியை விற்பவர் கட்டிய பிறகே காரை வாங்க வேண்டும்.

காரைப் பார்ப்பது எப்படி?

பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மழையில் பார்க்கக் கூடாது. ஈரத்தில் எல்லாக் காரும் பளபளக்கும். நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் செலவு அல்ல.

"என்ஜினைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறது. அதை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம்.

புகை: சைலன்சரில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பெரிய செலவு வரும். பெட்ரோல் காரில் கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளை ஆவி வருவது இயல்பு. என்ஜின் சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை வந்தால், என்ஜினுக்குள் தண்ணீர் போகிறது.

ஆயில்: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் கலந்த காப்பி போல் படிந்திருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பாடி: கதவுக்கும் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? ஒரு கதவின் நிறம் மட்டும் சற்று வேறாக இருக்கிறதா? பானெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா? அப்படி இருந்தால் கார் எங்கோ இடித்திருக்கிறது. சிறு இடி பரவாயில்லை. சேசிஸ் வளைந்திருந்தால் கார் நேரே ஓடாது.

கிலோமீட்டர்: மீட்டரில் 40,000 என்று காட்டலாம். மீட்டரைக் குறைத்து வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். பிரேக், கிளட்ச் மிதிக்கும் ரப்பரைப் பாருங்கள். ஸ்டியரிங்கைப் பாருங்கள். எல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் 40,000 என்பதை நம்பக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சீட்டுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். எண்கள் ஏறிக்கொண்டே வர வேண்டும்.

டயர்: டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரித்த டயர். முதல் இரண்டு எண் வாரம். கடைசி இரண்டு எண் ஆண்டு. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் படியுங்கள். பழைய டயர் என்றால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2022 செப்டம்பரில் பெங்களூரில் பெருமழை பெய்தது. பெல்லந்தூர், சர்ஜாபுரா சாலைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தரைக்குக் கீழே நிறுத்தியிருந்த கார்கள் மூழ்கின. சென்னையிலும் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இதே நிலை. மூழ்கிய கார்களைக் கழுவி, சீட்டு மாற்றி விற்பவர்களும் உண்டு. தண்ணீர் புகுந்த காரில் மின்கம்பிகள் துருப்பிடிக்கும். இன்று ஓடும். ஒரு நாள் நடுவழியில் நிற்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து மூக்கால் பாருங்கள். ஈர நாற்றம் வருகிறதா? நாற்றத்தை மறைக்க அளவுக்கு மீறி சென்ட் அடித்திருக்கிறார்களா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீட்டுக்குக் கீழே உள்ள போல்ட் துருப்பிடித்திருக்கிறதா? டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா?

நம் தம்பதி காட்டிய வெள்ளைக் காரை மெக்கானிக் பார்க்கிறார். சீட் பெல்ட்டை இழுக்கிறார். கீழே காய்ந்த சேறு.

"விலை கம்மின்னு பார்க்காதீங்க அக்கா. இது தண்ணியில நின்ன வண்டி. வயரிங்குக்குச் செலவு பண்ணியே ஓய்ஞ்சிடுவீங்க. விட்டுடுங்க."

வண்டியை விட்டுவிட்டு வருவதும் ஒரு திறமைதான். சந்தையில் வேறு கார் இல்லாமல் போகாது.

ஓட்டிப் பாருங்கள்

கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும்.

குண்டும் குழியுமான சந்தில் ஒரு சுற்று போங்கள். கடகட என்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கிறது. மேட்டில் ஏறுங்கள். என்ஜின் உறுமியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. காலியான நேர் சாலையில் மெதுவாகப் போகும்போது பிரேக் பிடியுங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஏ.சி., வைப்பர், விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

ஓசூரில் மலிவாகக் கிடைக்கிறதே!

பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். "இங்கே கார் மலிவு" என்பார்கள். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம், 1988 சொல்வது. அதற்கு ஓசூர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 28. இதைத்தான் என்.ஓ.சி. என்பார்கள். பிறகு கர்நாடகத்தில் ஆயுள் வரி கட்ட வேண்டும். காரின் விலையையும் வயதையும் பார்த்து வரி போடுவார்கள்.

விலையில் 30,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வரி 35,000 ரூபாய் வந்தால் என்ன லாபம்? எனவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தக் காருக்கு எவ்வளவு வரி வரும் என்று கேட்க வேண்டும். பிறகுதான் விலை பேச வேண்டும்.

டெல்லி வண்டிகளுக்கும் இதே கணக்குதான். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் டெல்லிப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் டெல்லிக் கார்கள் மலிவாக மற்ற மாநிலங்களுக்கு வந்தன. மலிவுக்குக் காரணம் கேட்டு, என்.ஓ.சி.யைப் பார்த்து, வரியைக் கூட்டி, பிறகு முடிவு செய்ய வேண்டும்.

பணம் கொடுக்கும்போது

கார் பிடித்திருக்கிறது. தாள்களும் சரியாக இருக்கின்றன. இனிப் பேரம். தேய்ந்த டயர், பழைய பேட்டரி, முடியப்போகும் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகையைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். எழுதிய கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அட்வான்ஸ் சிறிய தொகையாக இருக்கட்டும். அதற்கு ரசீது வாங்குங்கள். கார் எண், மொத்த விலை, அட்வான்ஸ், மீதி, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள்கள் சரியாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதி வாங்குங்கள்.

மீதிப் பணத்தை ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் பேங்க் கணக்கில் போடுவது நல்லது. பேங்க் கணக்கு சாட்சி சொல்லும். 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்திலும் விதி இருக்கிறது.

காரை எடுக்கும்போது டெலிவரி நோட்டு எழுத வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கார் கை மாறியது என்று அதில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் அந்தக் கார் எங்காவது மோதியிருந்தால், மாலையில் வாங்கியவர் மீது பழி வரக் கூடாது.

பெயர் மாற்றம்: இதுதான் கடைசிப் படி

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பணம் கொடுத்தாயிற்று, சாவி வாங்கியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. ஆர்.சி.யில் பெயர் மாற வேண்டும்.

இதற்கு இரண்டு படிவங்கள். படிவம் 29, விற்றவர் விற்பனையைத் தெரிவிப்பது. படிவம் 30, பெயர் மாற்றக் கேட்டு எழுதும் விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

புரோக்கர் சொல்வார்: "படிவத்துல கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததை நான் எழுதிக்கிறேன்." வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள். பெயர், கார் எண், தேதி, தொகை எல்லாம் எழுதிய பிறகு படியுங்கள். புரியாவிட்டால் ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றாவிட்டால் என்ன ஆகும்? ஓர் உண்மை வழக்கைப் பார்ப்போம்.

வட இந்தியாவில் ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். அந்தக் கார் பிறகும் கை மாறியது. ஆனால் ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீட்டை யார் கொடுப்பது? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. இதுதான் தீர்ப்பு.

விற்றுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியும் பொறுப்பு விடவில்லை. பழைய ஸ்கூட்டரை விற்றவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கியவருக்கும் ஆபத்து இருக்கிறது. பெயர் மாறாத காரை அவர் பிறகு நேராக விற்க முடியாது. பழைய உரிமையாளர் ஊர் மாறிப் போய்விட்டால் கையெழுத்துக்கு எங்கே தேடுவது?

இன்ஷூரன்ஸும் மாற வேண்டும்

கார் ஓட வேண்டுமானால், மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வகுத்த கட்டணப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். வரி தனி. நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

கார் வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், நம் காருக்குச் சேதம் வரும்போது பணம் கிடைக்காமல் போகலாம். பழைய உரிமையாளருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை அவருடையது. அது காரோடு நமக்கு வராது.

படித்தவர் ஏமாறுவதில்லையா? ஏமாறுகிறார்கள். அவசரப்பட்டு, படிக்காமல் கையெழுத்துப் போடும்போது ஏமாறுகிறார்கள். எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. பணம் கொடுக்கும் முன் நின்று, நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டு ஆண்டுச் சேமிப்புக்கு ஒரு மணி நேரப் படிப்பு காவல்.

நினைவில் வைப்போம்

- கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள்.
- என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.
- கடன் குறிப்பு, போலீஸ் அபராதம் இரண்டையும் பாருங்கள்.
- உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள்.
- வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.
- 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.

பதில் சொல்லுங்கள்

1. ஒரு டயரில் 4121 என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு, எந்த வாரம் தயாரித்தது?
2. விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் வேறாக இருக்கின்றன. என்ன கேட்பீர்கள்?
3. சீட் பெல்ட்டின் அடியில் சேறு இருந்தால் அதற்கு என்ன பொருள்?
4. கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. காருக்கு எவ்வளவு, மற்ற செலவுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள்.
5. உங்கள் வீட்டில் ஸ்கூட்டரோ ஆட்டோவோ இருக்கிறதா? அதன் ஆர்.சி.யை எடுங்கள். உரிமையாளர் பெயர், பதிவு செல்லும் கடைசி நாள், என்ஜின் எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.